இரண்டு முறை பதவி துறந்த பொறியாளர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, வழக்கம்போல் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆம்பூர்ப் பக்கம் பத்து வருஷமாக டேனரியில் வேலை பார்ப்பவனிடம் வேறு என்ன சரக்கு இருக்கும்? ஆனால் போன வருஷம் என் கையாலேயே நடந்த ஒரு காரியம் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் ஒப்புக்கு எழுதியது போலத்தான் இருக்கும். அதைச் சொல்வதற்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். அவர் சர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா.

அவர் பிறந்த நாளான செப்டம்பர் 15-ஐத்தான் நாம் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறோம். நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது அந்த நாளையொட்டி நம் கல்லூரியில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. வேலைக்கு ஆள் எடுப்பதில் தகுதியை மட்டும் பார்ப்பதா, பிறப்பையும் கணக்கில் எடுப்பதா என்பது தலைப்பு. நான் தகுதிக் கட்சி. விஸ்வேஸ்வரய்யாவைத்தான் எடுத்துப் பேசினேன். வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தியர் என்ற ஒரே காரணத்துக்காக உச்சிப் பதவி கிடைக்காது என்று தெரிந்து வேலையை உதறிவிட்டு வந்த மாமனிதர் என்று முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. எதிர்க்கட்சியில் பேசியவன் என் அறை நண்பன், பேரணாம்பட்டுக்காரன். அவன் அதிகம் பேசவில்லை. விஸ்வேஸ்வரய்யா ஒரு முறை அல்ல, இரண்டு முறை பதவியை விட்டவர். முதலாவதைச் சொன்ன நண்பர் இரண்டாவதை ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் மறைக்கவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. இருந்தாலும் முதல் பரிசு எனக்குத்தான் கிடைத்தது. ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். இன்றைக்கும் தொழிற்சாலைக்கு அதில்தான் சாப்பாடு கொண்டு போகிறேன். அவன் கேட்ட கேள்விக்கு விடை தேடிப் படிக்க எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

படிப்பும் முதல் வேலையும்

இன்றைய கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூருக்குப் பக்கத்தில், நந்தி மலையின் அடிவாரத்தில் உள்ள முத்தேனஹள்ளி என்ற சிற்றூரில் பிறந்தவர் விஸ்வேஸ்வரய்யா. முன்னோர்கள் ஆந்திராவின் மோக்ஷகுண்டம் என்ற ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. தந்தை ஸ்ரீனிவாச சாஸ்திரி வடமொழிப் புலவர். படிப்பு மணம் வீசிய வீடுதான், ஆனால் பணம் இல்லை. தந்தை சிறுவயதிலேயே காலமாகிவிட்டார். பெங்களூருக்குப் போய், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டே சென்ட்ரல் கல்லூரியில் படித்து, 1881-ல் பி.ஏ. தேறினார். அந்தக் கல்லூரி அப்போது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

பிறகு மைசூர் அரசின் உதவித்தொகை கிடைத்து, புனே அறிவியல் கல்லூரியில் பொறியியல் படித்தார். 1883-ல் பம்பாய் மாகாணத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். அதன் பயனாக 1884-ல் பம்பாய்ப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் வேலை கிடைத்தது. மதிப்பெண் ஒன்றை வைத்தே ஏழைப் பையன் ஒருவன் மேலே வந்த கதை இது. தகுதி, திறமை என்ற சொற்களை அவர் வாழ்நாள் முழுக்கக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வேலையில் அவர் சூரர். சிந்து நதியோர சுக்கூர் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்க, நம் பாலாற்று மணலில் கிணறு இறக்கித் தண்ணீர் எடுப்பது போலவே ஆற்றுப் படுகையில் கிணறு இறக்கி, மணலையே வடிகட்டியாக ஆக்கினார். புனேக்கு அருகே கடக்வாஸ்லா ஏரியில் 1903-ல் அவர் வைத்த தானியங்கி மதகுகள் பேர் பெற்றவை. வெள்ளம் குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் ஏறினால் கதவு தானாகத் திறக்கும், இறங்கினால் தானாக மூடிக்கொள்ளும். 1906-ல் ஏடனுக்கு அனுப்பப்பட்டு அந்த நகரின் குடிநீர், சாக்கடைத் திட்டங்களுக்கு வழி சொன்னார். தமக்கு மூத்தவர்கள் பலரைத் தாண்டி மேற்பார்வைப் பொறியாளர் ஆனார்.

எழுதப்படாத தடை

அதற்கு மேலே தலைமைப் பொறியாளர் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அதுவரை இந்தியர் யாரும் உட்கார்ந்ததில்லை. இந்தியருக்கு அந்த வேலை கிடையாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது என்று தேடிப் பார்த்தால், எதிலும் எழுதியிருக்கவில்லை. சொல்லப்போனால் சட்டம் நேர் எதிராக இருந்தது. 1833-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம், மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் என்ற எதைக் காட்டியும் இந்தியருக்குக் கம்பெனி உத்தியோகத்தை மறுக்கக் கூடாது என்றது. 1858-ல் விக்டோரியா மகாராணியின் பிரகடனமும் இனமோ மதமோ பார்க்காமல், தகுதி உள்ளவர்களுக்கு உத்தியோகம் தரப்படும் என்று வாக்களித்தது.

நடைமுறை வேறு. கலெக்டர் வேலைக்கான ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டும்தான் நடந்தது. 1870-களின் கடைசியில் வயது உச்சவரம்பை 19 ஆகக் குறைத்தார்கள். நம் ஊர்ப் பையன் பத்தொன்பது வயதுக்குள் ஆங்கிலத்தில் கரைகண்டு, கப்பலுக்குக் காசு புரட்டி, கடல் தாண்டிப் போய்ப் பரீட்சை எழுதியாக வேண்டும். 1922 வரை இந்தியாவில் அந்தத் தேர்வு நடக்கவில்லை. பொறியாளர்களுக்கு இன்னொரு வழி. இந்தியப் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரிப்பதற்கென்றே 1871-ல் லண்டனுக்கு அருகே கூப்பர்ஸ் ஹில்லில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். 1906-ல் மூடும்வரை அங்கிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இராணுவப் பொறியாளர்கள் வேறு. இப்படி மேல்படிக்கட்டில் எப்போதும் அவர்களே நின்றார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தேவையே இருக்கவில்லை. கேட்டால் பரீட்சை எல்லாருக்கும் பொது, தகுதிதான் அளவுகோல் என்று பதில் சொல்வார்கள்.

விஸ்வேஸ்வரய்யா கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்னும் எத்தனை வருஷம் உழைத்தாலும் அந்தப் பதவி வராது என்று தெரிந்துகொண்டார். 1908-ல், 25 வருஷப் பணி முடிவதற்கு முன்பே, விலகிவிட்டார். சண்டை போடவில்லை, அறிக்கை விடவில்லை. இதுதான் நான் பட்டிமன்றத்தில் பேசிய முதல் விலகல்.

மைசூரில் பத்து வருஷம்

அந்த ஆண்டு செப்டம்பரில் மூசி நதி வெள்ளம் ஹைதராபாத்தைச் சூறையாடியது. அயல்நாட்டுப் பயணத்தில் இருந்த அவரை நிஜாம் அரசு அழைத்தது. 1909-ல் வந்து வெள்ளத் தடுப்புக்குத் திட்டம் வகுத்துத் தந்தார். அதே ஆண்டு நவம்பரில் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் ஆனார். பம்பாயில் எட்டாத பதவி சொந்த சமஸ்தானத்தில் கிடைத்தது. 1911-ல் கிருஷ்ணராஜ சாகர் வேலை தொடங்கியது. நம் பெரியவர்கள் கண்ணம்பாடி அணை என்பார்களே, அதுதான். காவிரித் தண்ணீர் விஷயத்தில் நமக்கு வேறு வருத்தங்கள் உண்டு. அது தனிக் கதை.

1912-ல் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவரைத் திவான் ஆக்கினார். பதவி ஏற்கும் முன் உறவினர்களைக் கூப்பிட்டு, சிபாரிசு என்று யாரும் தம்மிடம் வரக்கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டாராம். ஆறு ஆண்டுகளில் அவர் செய்தவற்றைப் பட்டியல் போட்டால் மூச்சு வாங்கும். 1913-ல் மைசூர் வங்கி. 1916-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம். 1917-ல் பெங்களூரில் பொறியியல் கல்லூரி. பத்ராவதி இரும்பாலைக்கு அடித்தளம். சமஸ்தானத்தின் பள்ளிக்கூடங்கள் சுமார் 4,500 என்பதிலிருந்து 10,000-க்கு மேல் உயர்ந்தன.

நம் தொழிலுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த சென்னை மாகாணத்தில், 1903-ல் குரோம் முறையைப் புகுத்தியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர். கிண்டி கல்லூரியின் முன்னோடியான சென்னைப் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர். இன்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் டிரம்மில் சுற்றும் நீல நிறத் தோலுக்கு அவரும் ஒரு மூதாதை என்றால் மிகையாகாது. அந்த சாட்டர்டன் பின்னர் மைசூருக்குப் போய்த் தொழில் துறை இயக்குநராக விஸ்வேஸ்வரய்யாவின் ஆட்சியில் வேலை செய்தார். வெள்ளையர் ஆட்சியில் ஒதுக்கப்பட்டவர், வெள்ளைக்காரரைத் திறமைக்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மனிதருக்கு இனக் காழ்ப்பு கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாவது விலகல்

இனிதான் என் நண்பன் கேட்ட விஷயம். மைசூர் மக்கள்தொகையில் பிராமணர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. அரசின் மேல்நிலை வேலைகளில் பெரும்பகுதி அவர்களிடம் இருந்தது. நம் சென்னை மாகாணத்திலும் அதே கதைதான். 1912-ஆம் ஆண்டுக் கணக்குப்படி டெபுடி கலெக்டர்களில் 55 விழுக்காடும், மாவட்ட முன்சீப்களில் சுமார் 73 விழுக்காடும் பிராமணர்கள். மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். 1916-ல் சென்னையில் நீதிக்கட்சி பிறந்தது இந்தக் கணக்கின் மேல்தான்.

அந்த அலை மைசூருக்கும் போயிற்று. 1917-ல் அங்கே பிரஜா மித்ர மண்டலி என்ற அமைப்பு தோன்றியது. அந்த இயக்கத்துக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் கல்வியாளர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. அவர் நம் பக்கத்து மனிதர்; சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் 1880-ல் பிறந்தவர். சித்தூர் அப்போது நம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது.

லிங்காயத்துகள், ஒக்கலிகர்கள், முஸ்லிம்கள் முதலியோர் தங்களுக்கும் வேலையில் பங்கு வேண்டும் என்று மகாராஜாவிடம் கேட்டார்கள். மகாராஜாவுக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. 1918-ல் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். விஸ்வேஸ்வரய்யா உடன்படவில்லை. பள்ளிக்கூடம் கட்டுங்கள், உதவித்தொகை கொடுங்கள், பின்தங்கியவர்களைப் படிப்பில் தூக்கிவிடுங்கள், ஆனால் வேலைக்கு எடுக்கும்போது தகுதியைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள், பார்த்தால் நிர்வாகமும் உற்பத்தியும் கெடும் என்பது அவர் கட்சி. பிறப்பைப் பார்த்து ஒருவனுக்கு வேலை கொடுப்பதும் பிறப்பைப் பார்த்து இன்னொருவனுக்கு மறுப்பதும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தன. கருத்து வேற்றுமை தீரவில்லை. 1918 முடிவில் திவான் பதவியை விட்டார்.

மில்லர் குழு 1919-ல் அறிக்கை தந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் மேல்நிலை வேலைகளில் பாதியும் கீழ்நிலை வேலைகளில் மூன்றில் இரண்டு பங்கும் பிராமணரல்லாத சமூகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றது. 1921-ல் மைசூர் அரசு அதை ஏற்று ஆணை போட்டது.

இங்கே நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். அவரைச் சாதி வெறியர் என்று சொல்வது அநியாயம். சிபாரிசை வெறுத்தவர், ஆயிரக்கணக்கில் பள்ளி திறந்தவர். ஒரு பொறியாளனாக அவருடைய அச்சமும் எனக்குப் புரிகிறது. அணை, தன்னைக் கட்டியவன் யார் என்று பார்த்துத் தாங்கி நிற்காது. கணக்குத் தப்பினால் உடையும். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. லண்டனில் மட்டும் நடக்கும் பரீட்சை எல்லாருக்கும் பொது என்று வெள்ளைக்காரன் சொன்னபோது, அது பொது இல்லை என்று அவருடைய சொந்த வாழ்க்கையே காட்டியது. அதே மாதிரி, தலைமுறை தலைமுறையாக எழுத்தறிவு ஒரு தெருவுக்குள்ளேயே இருந்த ஊரில், பரீட்சை எல்லாருக்கும் பொது என்று சொன்னால் அடுத்த தெருவுக்காரனுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? முதல் தடை அவர் மேலே இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது தடைக்கு அவர் மேல்பக்கத்தில் நின்றார். அங்கிருந்து பார்க்கும்போது அது தடையாகவே தெரியவில்லை.

வழக்கு மன்றங்களில்

சென்னையில் 1921-லேயே வகுப்புவாரி அரசாணை வந்தாலும், அதற்கு உயிர் கொடுத்தவர் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார், 1927–28-ல். 12 வேலை என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. அந்தக் கடைசி ஒன்றைக் கவனியுங்கள். பங்கு கேட்டவர்களும் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிய இடம் தரவில்லை என்று எம்.சி. ராஜா 1923-லேயே நீதிக்கட்சியை விட்டு விலகியிருந்தார்.

அரசியல் சட்டம் 1950-ல் வந்தது. அரசு வேலையில் மதம், இனம், சாதி, பால், வம்சம், பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்றது 16-ஆவது பிரிவு. போதிய இடம் பெறாத பின்தங்கிய வகுப்பாருக்கு ஒதுக்கலாம் என்றும் அதே பிரிவு சொன்னது. உடனே வழக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் 83 மாவட்ட முன்சீப் வேலைகளை அரிசனர் 19, முஸ்லிம் 5, கிறிஸ்தவர் 6, பின்தங்கிய இந்துக்கள் 10, பிராமணரல்லாத இந்துக்கள் 32, பிராமணர் 11 என்று பிரித்திருந்தார்கள். வெங்கடரமணா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 1951 ஏப்ரலில் தீர்ப்பு. அரிசனருக்கும் பின்தங்கியோருக்கும் ஒதுக்கியது சரி, மற்றப் பங்கீடு சாதியை மட்டும் வைத்துச் செய்த பாகுபாடு, செல்லாது. கல்லூரி இடங்களைப் பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கிலும் அன்றே தீர்ப்பு வந்து அரசாணை விழுந்தது. தமிழ்நாடு கொதித்தது. பின்னாளில், 1973-ல், நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கண்மூடிய பெரியார் அந்தக் கிளர்ச்சியின் முன்னால் நின்றார். 1951 ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.

அந்த வருஷம் விஸ்வேஸ்வரய்யா தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தார். தம் பணிக்கால நினைவுகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1951-ல்தான். 1955-ல் பாரத ரத்னா. நூறு வயதைத் தாண்டி, 1962 ஏப்ரலில் காலமானார். அந்த ஆண்டு செப்டம்பரில், அதே மைசூர் மாநிலத்தின் பொறியியல், மருத்துவக் கல்லூரி இடங்களைப் பற்றிய பாலாஜி வழக்கில், 68 விழுக்காடு ஒதுக்கீடு அதிகம், பொதுவாக 50-க்குள் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் விட்டுப்போன வாதம் அவர் போன பிறகும் ஓயவில்லை.

வெளிநாட்டிலும் இதே வாதம்தான். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்ற கம்பெனியின் மின் நிலையம். அங்கே கறுப்பர்களுக்குக் கூலி வேலைப் பகுதி மட்டும்தான் என்று இருந்தது. 1965-ல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்ததும், மற்றப் பகுதிகளுக்குப் பள்ளி இறுதிச் சான்றும் எழுத்துத் தேர்வும் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே விதி. கிரிக்ஸ் என்ற தொழிலாளியும் அவருடைய தோழர்களும் வழக்குப் போட்டார்கள். அந்தத் தேர்வுக்கும் செய்யப்போகும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை, விளைவு ஓர் இனத்தை வெளியே நிறுத்துகிறது, ஆகவே எண்ணம் நல்லதாக இருந்தாலும் அது பாகுபாடே என்று 1971-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2001-ல் டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு கூடியபோது, சாதியும் அந்தக் கணக்கில் வருமா என்று நம்மவர்கள் வாதாடினார்கள். சாதி இனம் அல்ல என்றது இந்திய அரசு. பிறப்பால் ஒதுக்கினால் பெயர் எதுவானால் என்ன என்றார்கள் தலித் அமைப்புகள்.

என் கணக்கு

இத்தனையும் படித்த பிறகு, போன வருஷம் நான் செய்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் இடத்தில் நாலு பயிற்சிப் பொறியாளர் வேலை காலியானது. பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் செலவு, நானே ஆள் பிடிக்கிறேன் என்று பொறுப்பேற்றேன். நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆபீஸில் தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்தேன். இருபத்து மூன்று பேர் வந்தார்கள். கேள்வித்தாள் நானே தயாரித்தேன். பம்ப் ஹெட், மோட்டார் லோடு, கழிவுநீரின் பி.எச். எல்லாம் வேலைக்குச் சம்பந்தமான கேள்விகள். பேரை மறைத்து எண் போட்டுத் திருத்தினேன். சிபாரிசு எதையும் காதில் வாங்கவில்லை. விஸ்வேஸ்வரய்யா மாதிரியே செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

இரண்டு வாரம் கழித்து, சுத்திகரிப்பு நிலையத்தில் கான்ட்ராக்டில் கசடு அள்ளும் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். தயங்கித் தயங்கி, அந்த வேலைக்கு எப்போது போர்டில் போட்டீர்கள் சார் என்று கேட்டார். அப்போதுதான் எனக்குத் தெரியும், அவர் பி.இ. முடித்தவர். வேலை கிடைக்காமல் இரண்டு வருஷமாக இங்கே கசடு அள்ளுகிறார். அவருடைய அப்பா முப்பது வருஷமாகச் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். என் அறையிலிருந்து அவர் நிற்கும் இடம் இருநூறு அடி இருக்கும். நான் கேட்ட பி.எச். கேள்விக்கு விடையை அவர் தினமும் கையாலேயே அளந்துகொண்டிருந்தார்.

போர்டில் போடவே இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அடுத்த முறை பார்க்கலாம் தம்பி என்று மழுப்பினேன். அவர் சரி சார் என்று போய்விட்டார். இரண்டு மாதத்தில் ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அன்று இரவு தேர்வான நாலு பேரை நினைத்துப் பார்த்தேன். மூன்று பேர் ஆபீஸில் யாருக்காவது சொந்தம் அல்லது ஒரே தெரு. நாலாமவர் நம் கல்லூரி. நாலு பேரும் கெட்டிக்காரர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேதி யார் காதுக்குப் போகிறது என்பதிலேயே பாதித் தேர்வு முடிந்துவிட்டது. யாரையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பர்ஸ் ஹில்காரர்களும் சொல்லவில்லை.

பேரணாம்பட்டு நண்பனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பட்டிமன்றத்தை அவன் இழுக்கவில்லை. அடுத்த காலியிடத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் கேட்டான். எப்போதும் போல ஒரே கேள்வி.

அதற்கான பதில்தான் நான் இந்த மலரில் வைக்கும் வேண்டுகோள். நம் சங்கத்தில் இன்று ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் ஏராளம். ஷூ கம்பெனி, டேனரி, கெமிக்கல், சாஃப்ட்வேர் என்று எல்லா இடத்திலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். நம் குழுவில் போடும் ஒவ்வொரு வேலைச் சேதியையும் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்டச் செய்வோம். தொழிற்சாலை வாசல் போர்டில், கான்ட்ராக்ட் ஆட்கள் வந்துபோகும் வழியில், பத்து நாளாவது தொங்க விடுவோம். சுற்றுவட்டாரத்துப் பாலிடெக்னிக்கு, ஐ.டி.ஐ., வேலைவாய்ப்பு அலுவலகம் ஆகியவற்றுக்கு ஒரு கடிதம் போடுவோம். பரீட்சையைக் கடுமையாகவே வைப்போம், அதில் விஸ்வேஸ்வரய்யா கட்சிதான் நான். பரீட்சை எழுத வருகிறவர்களின் வரிசை எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் பார்ப்போம். ஒதுக்கீடு பற்றி நமக்குள் ஆயிரம் கருத்து இருக்கட்டும், இதைச் செய்ய யாருக்கும் ஆட்சேபணை இருக்காது என்று நம்புகிறேன்.

இந்நாள் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேதி தெரியவில்லை என்றால் அந்தத் தம்பியைப் போலத் தைரியமாக வந்து கேளுங்கள். எப்போது போர்டில் போட்டீர்கள் என்ற கேள்வி எங்களுக்குத் தேவைப்படுகிறது.

இந்த வருஷத் தொடக்கத்தில் முத்தேனஹள்ளிக்குப் போய் வந்தேன். அவருடைய சமாதியில் கைகூப்பி நின்றேன். மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. பம்பாயில் அவரை விலக வைத்த அதே நியாயத்தை மைசூரிலும் அவர் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் இருந்தது. திரும்பி வந்த மறுநாள் எங்கள் தொழிற்சாலையில் இரண்டு ஃபிட்டர் வேலைக்கான அறிவிப்பை வாசல் போர்டில் ஒட்டினேன். நாலு நாளில் அறுபது விண்ணப்பங்கள் வந்துவிட்டன. அவற்றைப் படித்து முடிக்கத்தான் நேரம் போதவில்லை.

வளர்க நம் கல்லூரி, வாழ்க நம் சங்கம்.

— பழைய மாணவர், இயந்திரவியல் துறை, 2007–2011